அரலியா மரத்துக்குக் கவ்வாத்து

தேயிலைச் செடி பூத்து நின்றால் அது மலைக்கு அவமானம். வெள்ளை வெளேரென்று, நடுவில் மஞ்சளாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பூ கண்ணில் பட்டால் கங்காணி கத்துவார், கணக்கப்பிள்ளை கத்துவார், துரை வாயே திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். கவனிப்பாரில்லாத செடிதான் பூக்கும். காலத்துக்குக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டி, முறை தவறாமல் கொழுந்து கிள்ளினால் பூப்பதற்கு அதற்கு நேரம் ஏது? பிறந்ததிலிருந்து இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கு வாய்த்தவரோ தோட்டத்திலேயே பேர்போன கவ்வாத்துக்காரர். அதனால் எங்கள் வாசலில் நின்ற அரலியா மரத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாடாய்ப் படுத்தியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான் பிறந்தது கந்தப்பளைப் பக்கம். குளிரில் பல் கிட்டிக்கொள்ளும் ஊர் அது. வாழ்க்கைப்பட்டு வந்தது கொத்மலைப் பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு தோட்டத்துக்கு. சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு ஓட்டு இல்லையாம், நாங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லையாம் என்று பெரட்டுக்களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போது ஆண்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. எந்த நாட்டுக்காரி என்பது இருக்கட்டும், அந்த லயத்துக்காரி என்றே என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம், அது முழுக்க ஒரே சொந்தம். ஒரே ஊரிலிருந்து ஒரே கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். செத்துப்போனவளுக்கு ஒருத்தி சித்தி, ஒருத்தி அத்தை, ஒருத்தி ஒன்றுவிட்ட தங்கச்சி. அவளைப் பெற்ற அம்மா நடுக் காம்பராவில் இருந்தார். வேலை முடிந்து சாயங்காலமானால் பெண்கள் எல்லோரும் அந்த அம்மாவின் இஸ்தோப்பில்தான் போய் உட்காருவார்கள். காம்பராவுக்கு முன்னால் கூரை இறக்கியிருக்கும் அந்தச் சின்ன இடத்தில் எத்தனை பேர் அடங்குவார்களோ, அத்தனை பேரும் ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்துக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, சிரித்துக்கொண்டு. நான் குடத்தோடு அந்தப் பக்கமாக வரும்போது சிரிப்பு அடங்கும். நான் தாண்டிப்போனதும் மறுபடி தொடங்கும்.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன், சண்டையிலாவது ஒரு பழக்கம் உண்டாகியிருக்கும். அவர்கள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது "கொடத்தக் கொஞ்சம் நகத்துங்க" என்பார்கள். கொழுந்து மலையில் "உங்க நெரை அந்தப் பக்கம்" என்பார்கள். தங்களுக்குள் பேசும்போது நான் "கந்தப்பளைக்காரி". அவ்வளவுதான். எங்கள் காம்பரா லயத்தின் கடைசியில், கழிவுத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில். அதைத் தாண்டி ஒருவருக்கும் போகவேண்டிய வேலை இல்லை. நெருப்பு வாங்க, உப்பு வாங்க, சும்மா எட்டிப்பார்க்க என்று ஒரு ஜனம் எங்கள் வாசலை மிதித்ததில்லை. பிள்ளையும் உண்டாகவில்லை. சில வருஷம் போனபிறகு வளைகாப்பு வீடுகளுக்கும் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். வளையல் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். நான் உள்ளே உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன், அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னால் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, பேச்சும் கிடையாது. காலையில் "வர்றேன்." சாயங்காலம் "தண்ணி வை." சோறு நன்றாக இருந்தால் இன்னொரு முறை கேட்பார், அதுதான் பாராட்டு. கத்தியைப் பிடித்தால் மட்டும் வேறு ஆள். கவ்வாத்து மலையில் அவர் வெட்டிய செடியைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே வெட்டு, சரிவாக, பட்டை கிழியாமல், நார் தொங்காமல். வேறு தோட்டத்துத் துரைமார் வந்தால் எங்கள் துரை அவர்களை அழைத்துக்கொண்டுபோய் அவர் வெட்டிய நிரையைத்தான் காட்டுவார். அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. கொழுந்து மலையில் யாரோ யாரிடமோ சொன்னதை நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வாசலுக்கு வந்த ஒரே ஆள் ஒரு சிங்களப் பெண். கீழே பள்ளத்தாக்கில் அவளுக்கு வயல் இருந்தது. அந்த வயல் இருந்த இடத்தில் இப்போது நீர்த்தேக்கம் நிற்கிறது, அவள் வீடும் அதற்குள்தான் எங்கோ. அப்போதெல்லாம் வெற்றிலை, பாக்கு, பலாக்காய் என்று கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு எங்கள் லயத்துக்கு ஏறி வருவாள். முதல் காம்பராவிலிருந்து விற்றுக்கொண்டே வந்தால் கடைசியில் எங்கள் வீடு. கூடை காலியாகியிருக்கும், கால் நொந்திருக்கும். இஸ்தோப்பில் காலை நீட்டி உட்காருவாள். நான் வெறும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன், அவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் கித்துள் கருப்பட்டியைக் கடித்து எனக்குப் பாதி தருவாள். அவளுக்குப் பாதித் தமிழ், எனக்குக் கால் சிங்களம். நான் அவளை அக்கே என்பேன், அவள் என்னை நங்கி என்பாள். என்னை அக்கா தங்கை என்று கூப்பிட அந்த மலையில் இருந்தது அவள் ஒருத்திதான்.

ஒருநாள் அவள் கூடையில் தாமரை இலை மூடியிருந்தது. பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்கு, எடுத்துப்போகும் பூ என்றாள். திறந்து காட்டினாள். தடித்த வெள்ளை இதழ், அடியில் மஞ்சள். வாசனை இஸ்தோப்பு முழுக்கப் பரவியது. கந்தப்பளைக் குளிரில் அப்படியொரு பூவை நான் பார்த்ததில்லை. பெயர் அரலிய என்றாள். நான் பார்த்த பார்வையைக் கவனித்திருக்கிறாள் போலிருக்கிறது, அடுத்த முறை வரும்போது ஒரு குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாம்பல் நிறத்தில், பெருவிரலை விடத் தடியாக, இலையும் இல்லை வேரும் இல்லை. கொஞ்சநாள் வெளியில் கிடத்திக் காயவிட்டு அப்புறம் நடவேண்டுமாம். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். காயவைத்த குச்சி முளைக்குமா? ஆனாலும் நட்டேன். முளைத்தது.

அப்போது எனக்குள் ஒரு ஆசை ஏறிக்கொண்டது. எங்கள் கந்தப்பளை லயத்தில் ஒரு வீட்டில் ரோசாச் செடி இருந்தது. காலையில் குமரிப் பிள்ளைகளெல்லாம் அந்த வாசலில்தான் நிற்போம். அந்த வீட்டுப் பெண் "ஒங்க அப்பன் நட்டு வச்ச செடியா?" என்று திட்டிக்கொண்டே ஆளுக்கொன்று கிள்ளித் தருவார். நாங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு ஓடுவோம், மறுநாளும் போய் நிற்போம். என் மரம் பூத்தால் இந்த லயத்துப் பிள்ளைகளும் அப்படி என் வாசலுக்கு வரும். பிள்ளைகள் வந்தால் தாய்மார் வருவார்கள். நான் திட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். பூவை நான் அவ்வளவு நினைக்கவில்லை, பூக்கேட்டு வரும் காலடியைத்தான் நினைத்தேன்.

மரம் நெஞ்சுயரம் வந்த காலத்தில் நாட்டில் சிங்களவருக்கும் தமிழருக்கும் மனம் கசந்தது. எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் பயம் மட்டும் குறைவில்லாமல் வந்தது. அந்தச் சிங்களப் பெண் வருவது நின்றது. அவள் ஏறிவரும் குறுக்குப் பாதையில் புல் மூடிவிட்டது. வெற்றிலை டவுன் கடையிலிருந்து வந்தது, அதனால் மற்றவர்களுக்கு அவள் வராதது ஒரு குறையாகத் தெரியவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பேச ஆளில்லாமல் மரத்தோடு பேச ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். அதுவாவது என்னைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளவில்லை.

மரம் பூக்கவில்லை. இலை மட்டும் பெரிது பெரிதாக விட்டது. ஒருநாள் கவ்வாத்து வேலை முடிந்து நேரத்தோடு வந்த அவர், குளிக்காமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது பூக்கணுமாக்கும்?" என்றார்.

"ஆமாங்க."

"ஒழுங்கில்லாம வளந்து கெடக்கு. எப்புடிப் பூக்கும்? ஒன் மட்டக்கம்ப எடு புள்ள."

மட்டக்கம்பு என்பது கொழுந்தெடுக்கும்போது செடியின் தலையில் கிடத்திப் பார்க்கும் நீளக் கம்பு. செடியெல்லாம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காக. நான் எடுத்துவந்து மரத்தின் தலைமேல் கிடத்திப் பிடித்துக்கொண்டேன். கம்புக்கு மேலே நீட்டியிருந்ததையெல்லாம் அவர் கத்தியால் வெட்டினார். ஒரே வெட்டு, சரிவாக. பால் பொலபொலவென்று வடிந்தது. வெட்டுவாயில் சாணியை அப்பினார். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். எங்கள் வாசலில் ஒரு பெரிய தேயிலைச் செடி நிற்பதுபோல் இருந்தது. இரண்டு பேருக்கும் திருப்தி.

அடுத்த வருஷமும் அப்படியே. வெட்டிய ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கிளை விட்டிருந்தது. பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்தார். அதற்கடுத்த வருஷமும். எத்தனை வருஷம் என்று கணக்கில்லை. கவ்வாத்துக் காலம் வந்தால் கடைசியில் எங்கள் வாசல் மரத்துக்கும் ஒரு சாயங்காலம் உண்டு. நான் கம்பைப் பிடிப்பேன், அவர் வெட்டுவார். "கொஞ்சம் எறக்கு." "இந்தப் பக்கம் தூக்கு." "போதும்." அந்த ஒரு சாயங்காலத்தில் அவர் என்னோடு பேசிய பேச்சு மற்ற நாளெல்லாம் சேர்த்தாலும் வராது. உண்மையைச் சொன்னால், மரம் பூக்காத வருத்தம் எனக்கு இருந்தது, ஆனால் அந்தச் சாயங்காலத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்ததும் நான்தான்.

அப்புறம் ஒருநாள் அந்தச் சிங்களப் பெண் வந்தாள். புல் மூடிய பாதையில் கூடையோடு ஏறி வந்தாள், தலை நரைத்திருந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் கூடையை இறக்கவில்லை. மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மரத்தைப் பார்த்தாள். பிறகு கூடையைப் பொத்தென்று வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அய்யோ நங்கி! மே கஸ கபன்ன எபா, இந்த மரத்த வெட்டக்கூடாது! இத யாரு வெட்டுறது? இது தேயில இல்ல நங்கி. நுனியிலதான் பூ வரும். நுனிய வெட்டினா பூ எங்க வரும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. இத்தனை வருஷமும் வரவிருந்த பூவையெல்லாம் நாங்களே வெட்டிச் சாணி அப்பியிருக்கிறோம். அது போகட்டும். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? தோட்டத்திலேயே நம்பர் ஒன் கத்தி அவருடையது. அவருக்குப் பெருமை என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கவ்வாத்துக் காலம் வந்தது. அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்று "கம்ப எடு புள்ள" என்றார். நான் எடுக்கவில்லை.

"வேணாங்க. அதுக்கு நுனியிலதான் பூப்பூக்குமாம். அந்த அக்கே சொல்லிச்சு."

அவர் மரத்தைப் பார்த்தார். வெட்டிய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பூத்தா என்ன பண்ணப் போற?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே கிடையாது. அதனாலோ என்னவோ மறைக்கத் தோன்றவில்லை. "யாராச்சும் பூக்கேட்டு வாசலுக்கு வருவாங்கல்ல" என்றேன்.

அவர் திரும்பி லயத்தை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். நடுவில் மூத்தவளின் அம்மா வீட்டு இஸ்தோப்பில் பெண்கள் கூடியிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் வந்தது. கத்தியைக் கூரையில் செருகிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. நானும் சட்டியை மூடி வைத்துவிட்டேன். கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு சாயங்காலத்தையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று இருந்தது.

தை மாதத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நின்றது. பங்குனியில் பூத்தது. அதைப் பூத்தது என்று மட்டும் சொன்னால் போதாது. வருஷா வருஷம் வெட்டி வெட்டி அவர் உண்டாக்கிய கிளை எத்தனையோ அத்தனை நுனி, அத்தனை நுனியிலும் ஒரு கொத்து. இலை ஒன்றில்லை, அத்தனையும் பூ. அந்தச் சிங்களப் பெண் வந்து பார்த்துவிட்டு, எங்கள் பன்சலையில் கூட இப்படி ஒரு மரம் இல்லை என்று கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் வெட்டியது வீணாகப் போகவில்லை என்று நான் அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ஆனால் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார்.

நான் முகம் கழுவி, தலை வாரி, இஸ்தோப்பைச் சாணி போட்டு மெழுகி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாசனை லயம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது, மூக்குள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு குமரிப் பெண் கானுக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாள். நான் எழுந்திருப்பதற்குள் அவள் தாய் கூப்பிட்டுக்கொண்டாள்.

அந்த மாதம்தான் மாரியம்மன் திருவிழா. கரகத்துக்கும் தேருக்கும் பூத் தேடிப் பையன்கள் மலை மலையாக அலைந்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஓடினார்கள். சரி, கேட்டு வராவிட்டால் நாமே கொண்டுபோவோம் என்று ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி நல்ல மனிதர். கூடையைக் கையால் தொடாமல், என் மனம் நோகக்கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்.

"இது பால் வடியிற மரம்மா. சாமிக்கு ஆகாது. வெள்ளக்கார துரைமாரப் பொதைச்ச எடத்துல நிக்கிதே, அந்த மரந்தானே இது? கோவிச்சுக்காத தாயி."

கோயிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடையை அங்கேயே கொட்டிவிட்டு நான்கு கேள்வி கேட்டிருப்பேன். கூடையோடு திரும்பி வந்தேன். தேயிலைக்குள் இறங்கி, யாரும் பார்க்காத இடத்தில் கொட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மழை பிடித்த சமயத்தில் நடுக் காம்பரா அம்மா செத்துப்போனார், மூத்தவளைப் பெற்றவர். லயமே கதறியது. தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். செவ்வந்தியெல்லாம் மழையில் அழுகிக் கிடந்தது, பாடைக்குப் பூ இல்லை. அப்போதுதான் யாருக்கோ என் மரம் ஞாபகம் வந்திருக்கிறது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். லயத்துப் பெண்கள் கூட்டமாக எங்கள் வீட்டை நோக்கி வந்தார்கள், முன்னால் வந்தவள் கையில் கூடை.

"அக்கா, பூக் குடுப்பீங்களா? பாடைக்கி" என்றாள்.

அக்கா என்றாள். எத்தனை வருஷத்துக்கப்புறம்! என் வாசல் நிறைய ஆட்கள். ஒருத்தி கிளையை வளைத்துப் பிடித்தாள், ஒருத்தி முந்தானையை ஏந்தினாள், நான் பறித்துப் பறித்துப் போட்டேன். பால் வடிந்து முழங்கை வரை ஒட்டியது. அங்கே ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தது, எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. ஒரு சாவு நாளில் இப்படி மகிழ்ந்துபோனவள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் சாவுக் காரியமாக வருகிறவர்களை வாங்க என்று சொல்லக்கூடாது. எங்கள் வழக்கம் அது. உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றும் சொல்லக்கூடாது. அவர்களும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். அவர்கள் வந்தபோது நான் வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு நின்றேன். கூடை நிறைந்ததும் ஒரு சொல் இல்லாமல் போனார்கள். வாசல் ஒரே நொடியில் காலியாகிவிட்டது, மரமும் காலி.

பாடை என்னவோ அழகாகத்தான் இருந்தது. அதைத் தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பேசியதுதான் வினை. அதன்பிறகு யார் செத்தாலும் என் வாசலுக்கு ஆள் வந்தது. பக்கத்து டிவிசனிலிருந்தும் வந்தார்கள். ஒரு மனுஷன் மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து, தன் கைக்குழந்தைக்கு நான்கு பூக் கேட்டு நின்றார், அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மற்ற நாட்களில் யாரும் வருவதில்லை. எழவுப் பூ வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பேராகிவிட்டது. பிள்ளைகள் எங்கள் வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். முன்னே காலடிச் சத்தத்துக்கு ஏங்கியவள், இப்போது இஸ்தோப்பில் யாராவது செருமினாலே யார் போனார்களோ என்று எழுந்தேன். என் வாசலில் நான் கேட்ட முதல் வார்த்தை எப்போதும் செத்தவர் பெயராகவே இருந்தது. இதற்கு யாரும் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

அந்த லயத்தைவிட்டு நாங்கள் போகும்வரை, சாவைச் சொல்லாமல் என்னிடம் பூக்கேட்டு வந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு மேல். மறுபடி மரம் பூத்து வழிந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. காலையில்தான் ஒரு சாவுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத வெட்டிப் போட்டுருங்க" என்றேன் அவரிடம்.

"எதுக்கு?"

"எழவு மரம் எனக்கு வேணாம். அடியோட வெட்டிப் போடுங்க. நீங்க வெட்டுறப்ப அது பூக்காமயாவது இருந்துச்சு. ஒங்களோட நின்னு கம்பு புடிச்சிக்கிட்டாவது இருந்தேன். இப்ப அதுவுமில்ல."

அவ்வளவையும் சொல்லிவிட்டேன். அவர் கூரையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கல்லில் தீட்டும் சத்தம் கேட்டது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதல் வெட்டு விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். தீட்டும் சத்தம் நின்றது. வெட்டுச் சத்தம் வரவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு இஸ்தோப்புக்கு வெளியே யாரோ செருமினார்கள்.

"வீட்டுல யாருங்க?"

இன்னொரு சாவா என்று எழுந்து வந்தேன். படிக்குக் கீழே தூறலில் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். பீலியில் போய் முகம் கைகால் கழுவிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேறு ஒரு வீட்டு வாசலில் நிற்பவரைப்போல் நின்றார். கையில் கத்தி இல்லை.

"பூ வேணுங்க" என்றார்.

விளையாட்டா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அவர் விளையாடி நான் கண்டதுமில்லை. பழகிப்போன கேள்விதான் வாயில் வந்தது.

"யாரு செத்தது?"

"யாரும் சாகலீங்க. எங்க வீட்டுல ஒரு பொம்பள இருக்கு. அதுக்குத் தலையில வைக்கத்தான்."

பக்கத்துக் காம்பராக்களில் கதவு திறந்து தலைகள் எட்டிப்பார்த்தன. அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்துகொண்டே நான் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். சொல்லத்தான் வேண்டும். வந்திருப்பவர் சாவைச் சொல்லி வரவில்லையே.

"வாங்க," என்றேன். "உள்ள வாங்க."